கிருஷ்ணகிரிப் பாறையின் மூன்று வயதுகள்

ஓசூரிலிருந்து சேலத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை சூளகிரி, கிருஷ்ணகிரி, தருமபுரி என்று ஊர் ஊராகக் கீழே இறங்குகிறது. மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். கிருஷ்ணகிரி அதைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. சரக்கு லாரி ஓட்டுபவருக்கு இறக்கம் அவ்வளவே. பாறையைப் படிக்கிறவருக்கு இதே சாலையில் இன்னோர் இறக்கம் தெரியும். அது கிலோமீட்டர் கணக்கிலானது. தெற்கே செல்லச் செல்ல, சாலையோரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் பாறைகள் ஒரு காலத்தில் பூமிக்குள் மேலும் மேலும் ஆழத்தில் கிடந்தவை. சேர்வராயன் மலையை எட்டும்போது கண்ணில் படுவது ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கும் கீழே வெந்த கல். மனிதர் துளைத்ததிலேயே மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. அதைப் போல இருமடங்கு ஆழத்துச் சரக்கு நம் ஊர்க் கிரஷர்களில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் உடைபட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தப் பாறைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் "250 கோடி ஆண்டுப் பழமை" என்ற ஒற்றை வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடும். எண்ணில் பிழையில்லை. எதனுடைய வயது அது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பாறைக்குழம்பு இறுகிக் கல்லானது ஒரு காலம். அந்தக் கல் ஆழத்தில் அமுங்கி, வெந்து, வேறு கனிமங்களாக உருமாறியது இன்னொரு காலம். மேலிருந்த சுமை நீங்கி வெயிலும் மழையும் அதன்மேல் பட்டது மூன்றாவது காலம். 250 கோடி என்பது முதலிரண்டுக்கும் பொருந்தும்; மூன்றாவதற்குப் பொருந்தாது. அந்த மூன்றாவது வயதை ஒரே தேதியாகக் கேட்பதே பிழை என்பது என் கருத்து. கனிமங்கள் தரும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கிருஷ்ணகிரிப் பாறை ஒரு பெரும் எழுச்சியில் மேலே வந்ததாகத் தெரியவில்லை. நின்று நின்று, சில காலம் மறுபடி புதைந்து, பிறகு மறுபடி வெளிப்பட்டு வந்திருக்கிறது.

முதலில் ஆழத்துக்கான ஆதாரம். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் குவாரிகளில் வெட்டி, பாலிஷ் போட்டு, சமையலறை மேடைக்கும் கல்லறைக்கும் ஏற்றுமதியாகும் கற்கள் வணிகத்தில் கிரானைட் என்ற ஒரே பெயரில் போகின்றன. அவற்றில் பெரும்பகுதி உண்மையில் நைஸ் என்ற உருமாறிய பாறை. வெளிர்ப் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி ஓடி நெளிந்து மடிந்திருக்கும். 'பாரடைசோ' என்று விற்கப்படும் கல்லின் இளஞ்சிவப்புச் சுழிகளை அழகுக்காக வாங்குகிறார்கள். அந்தச் சுழிகள், கல் பாதி உருகிக் குழைந்து கிடந்த நிலையின் தடம். வடக்கே உள்ள நைஸில் கரும்பட்டைகளுக்குக் காரணம் ஹார்ன்பிளெண்டும், பயோட்டைட் என்ற கருமைக்காவும். இரண்டின் படிகக் கட்டமைப்பிலும் நீர் அடங்கியிருக்கிறது. தெற்கே தருமபுரியைத் தாண்டினால் இவை குறைந்து, நீரே இல்லாத ஆர்த்தோபைராக்சீன் என்ற கனிமம் தலைகாட்டுகிறது. பாறையும் கரும்பச்சை நிறத்தில் எண்ணெய்ப் பளபளப்பு ஏறிச் சார்னோகைட் ஆகிறது. சென்னைப் பல்லாவரத்தில் கிடைக்கும் அதே கல்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு அந்தக் கல்லைப் பயன்படுத்தியிருந்ததால், இந்திய நிலவியல் அளவைத் துறையின் தாமஸ் ஹாலந்து 1893இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். ஓசூருக்கு மேற்கே, கர்நாடகத்தின் கப்பால்துர்கா குவாரியில் இந்த மாற்றத்தைக் கையோடு பிடித்துவிடலாம்: சாம்பல்நிற நைஸின் ஊடே, விரிசல்களை ஒட்டித் திட்டுத்திட்டாகச் சார்னோகைட் உருவாகி, பாதி வழியில் நின்றுபோயிருக்கிறது. சி. எஸ். பிச்சமுத்து 1960இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதிய பிறகு உலகெங்குமிருந்து நிலவியலாளர்கள் அந்தக் குவாரியைத் தேடி வந்தார்கள்.

நீர் போய்விட்டது என்பதற்குப் பெருவெப்பம் காரணமாகலாம். கரியமில வாயு நிறைந்த பாய்மங்களும் காரணமாகலாம். அதனால் சார்னோகைட் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஆழத்தைச் சொல்லிவிட முடியாது. ஆழத்தைச் சொல்வது கார்னெட். அழுத்தம் கூடக் கூட, ஃபெல்ட்ஸ்பாரில் உள்ள கால்சியத்தின் ஒரு பங்கு கார்னெட்டுக்கு இடம் மாறுகிறது. அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரு படிகங்களிலும் எவ்வளவு கால்சியம், இரும்பு, மக்னீசியம் இருக்கிறது என்று எலெக்ட்ரான் கற்றையால் அளந்தால், அவை ஒன்றாக வெந்தபோது இருந்த அழுத்தமும் வெப்பமும் கணக்கில் கிடைத்துவிடும். எட்வர்ட் ஹேன்சனும் டேனியல் ஹார்லோவும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கிருஷ்ணகிரிப் பக்கத்து நைஸிலிருந்து சேர்வராயன் மலைச் சார்னோகைட் வரை சுமார் 95 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட அளவீடுகளில் அழுத்தம் வடக்கே ஐந்தாறு கிலோபாரில் தொடங்கித் தெற்கே எட்டை நெருங்குகிறது. ஒரு கிலோபாருக்கு மூன்றரைக் கிலோமீட்டர் என்று கொண்டால், நூறு கிலோமீட்டர் பயணத்தில் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஆழம் கூடுகிறது. நிலத்தோட்டின் ஒரு பலகை ஐந்தாறு பாகை சாய்ந்து, மேல்முனை அரிக்கப்பட்டு, அதன் குறுக்குவெட்டு நமக்குப் படுக்கைவாட்டில் கிடைத்திருக்கிறது என்பதே இதற்கு எளிய விளக்கம். கனடாவின் கப்புஸ்கேசிங்கிலும் ஆல்ப்ஸ் மலையின் இவ்ரியாவிலும் இத்தகைய குறுக்குவெட்டுகள் இருக்கின்றன. உலகில் இவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நமக்கு வாய்த்த ஒன்றில் கட்டணச் சாலை ஓடுகிறது.

இனிக் காலம். சிர்க்கான் என்ற கனிமம் படிகமாகும்போது யுரேனியத்தை ஏற்கும்; காரீயத்தை உள்ளே விடாது. பிற்பாடு அதற்குள் காணப்படும் காரீயம் யுரேனியம் சிதைந்து வந்தது என்று கொள்ளலாம். இயற்கை யுரேனியத்தில் இரண்டு ஐசோடோப்புகள் உண்டு. யுரேனியம்-238இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235க்கு 70 கோடி ஆண்டு. இரண்டும் வெவ்வேறு வகைக் காரீயமாக முடிகின்றன. 250 கோடி ஆண்டு ஆன ஒரு படிகத்தில் முதலாவதில் 32 விழுக்காடு சிதைந்திருக்க வேண்டும், இரண்டாவதில் 91 விழுக்காடு. வேகம் இவ்வளவு மாறுபட்ட இரண்டு கடிகாரங்கள் ஒரே மணியைக் காட்டினால் இடையில் காரீயம் கசியவில்லை என்று நம்பலாம். காட்டாவிட்டால் கசிந்திருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கிருஷ்ணகிரிப் பகுதிப் பாறைகளில் 1980களிலிருந்து ழான்-ழாக் பூக்கா முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். மூலப் பாறைக்குழம்பு 250 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன் இறுகியது, சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே அது ஆழத்தில் வெந்து உருமாறியது என்பது அவற்றின் சாரம். பூமியின் கணக்கில் பிறப்புக்கும் வேக்காட்டுக்கும் இடையே மூச்சுவிட நேரமில்லை. மேற்கே ஹாசன் பக்கத்து நைஸ்கள் 300 கோடியைத் தாண்டியவை. அவற்றோடு ஒப்பிட்டால் கிருஷ்ணகிரி இளையது.

சிதைவு வேகம் எக்காலத்திலும் ஒன்றாகவே இருந்தது என்பதற்கு என்ன உறுதி? நியாயமான கேள்வி. மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், ஒக்லோ என்ற யுரேனியச் சுரங்கத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே அணு உலைகள் எரிந்திருந்ததை 1972இல் கண்டுபிடித்தார்கள். அங்கே மிஞ்சிக் கிடக்கும் சமாரியம் போன்ற தனிமங்களின் விகிதங்கள், அன்றைய அணுக்கரு விதிகள் இன்றைய விதிகளாகவே இருந்தன என்று காட்டுகின்றன. கடிகாரத்தைக் குற்றம் சொல்வதைவிட, அதைப் படித்த விதத்தில் குற்றம் தேடுவது பயன் தரும். அதற்கு உதாரணம் தமிழர்களுக்கு அருகிலேயே இருக்கிறது. கலை வரலாற்றாசிரியராக அறியப்படும் ஆனந்த குமாரசுவாமி முதலில் நிலவியலாளர். இலங்கைக் கனிமவியல் அளவைக்குத் தலைமை வகித்தவர். தோரியனைட் என்ற கனமான கருங்கனிமம் 1904இல் உலகுக்குத் தெரியவந்ததில் அவருக்குப் பங்குண்டு. அமெரிக்கரான பெர்ட்ராம் போல்ட்வுட் 1907இல் கனிமங்களின் வயதை முதன்முதலாகப் பட்டியலிட்டபோது இலங்கைத் தோரியனைட்டுக்கு 220 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார். இன்று அந்தத் தீவின் பாறைகள் உருமாறிய காலம் சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டு என்று தெரியும். தோரியமும் காரீயமாகச் சிதையும் என்பது அவர் கணக்கில் இல்லை. ஐசோடோப்பு என்ற கருத்தே அப்போது பிறக்கவில்லை. யுரேனியம் தன் வேகத்தில்தான் சிதைந்துகொண்டிருந்தது.

சிர்க்கான் இவ்வளவு நம்பகமான சாட்சி என்றாலும் மூன்றாவது வயதைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை. காரணம் அதன் பலமேதான். 900 பாகை வெப்பத்திலும் அது காரீயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். எனவே பாறை 25 கிலோமீட்டர் ஆழத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அதன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. பிறகு பாறை எழுந்ததா, கிடந்ததா என்பது அதற்குத் தெரியாது. எழுச்சியைக் கேட்க வேண்டுமானால் பலவீனமான கடிகாரங்களைத் தேட வேண்டும். மார்ட்டின் டாட்சன் 1973இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்: ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒரு மூடு வெப்பநிலை உண்டு, அதற்கு மேலே சேயணுக்கள் கசிந்து வெளியேறிவிடும், கீழே வந்ததும் அடைபட்டுச் சேரத் தொடங்கும். டைட்டனைட்டில் காரீயம் 600 பாகைக்குச் சற்று மேலேயும், ஹார்ன்பிளெண்டில் பொட்டாசியத்திலிருந்து வரும் ஆர்கான் 500 பாகையை ஒட்டியும், பயோட்டைட்டில் 300 பாகையை ஒட்டியும் அடைபடும். எல்லாவற்றிலும் மென்மையானது அபடைட். அதற்குள் இருக்கும் யுரேனியம்-238 எப்போதாவது தானாகவே இரண்டாகப் பிளக்கும்; பிளந்த துண்டுகள் படிகத்தில் ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு நீளத்துக்குத் தழும்பு கிழித்துச் செல்லும். 110 பாகைக்கு மேல் அந்தத் தழும்புகள் ஆறி மறைந்துவிடும். அதற்குக் கீழே நிலைத்துவிடும். நைட்ரிக் அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால், பாறை 110 பாகையைக் கடந்து குளிர்ந்த காலம் கிடைக்கும். ஒரே கல்லிலிருந்து இந்தக் கனிமங்களையெல்லாம் பிரித்தெடுத்துத் தேதியிட்டால், அந்தக் கல் குளிர்ந்த கதை படிப்படியாக வந்துவிடும்.

குளிர்ந்த கதை என்றுதான் சொன்னேன். எழுந்த கதை என்று சொல்லவில்லை. இந்தத் துறை முழுவதற்கும் எதிராக வைக்கக்கூடிய மிகக் கூர்மையான ஆட்சேபம் இதுதான், பிரபல எழுத்துகளில் பெரும்பாலும் இது மூடி மறைக்கப்படுகிறது. 25 கிலோமீட்டர் ஆழத்தில் 750 பாகை என்பது இயல்புக்கு மீறிய சூடு. கீழிருந்து பாறைக்குழம்பு ஊடுருவியதாலோ பாய்மங்கள் கொண்டுவந்ததாலோ ஏற்பட்டிருக்க வேண்டும். அந்த ஊட்டம் நின்றுவிட்டால், பாறை ஓரங்குலமும் எழாமல் கிடந்த இடத்திலேயே இருநூறு முந்நூறு பாகை குளிர்ந்துவிடலாம். அப்படியானால் டைட்டனைட்டும் ஹார்ன்பிளெண்டும் தரும் தேதிகள் எழுச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பயோட்டைட்டும்கூடச் சந்தேகத்துக்குரியதே. கிருஷ்ணகிரி அடங்கிய தார்வார் போன்ற பழம்பெரும் நிலத்திட்டுகளின் அடியில் வெப்பம் குறைவு; 25 கிலோமீட்டர் ஆழத்தில் 300 பாகை என்பது அங்கே நடக்காத காரியமில்லை. தப்பிப்பது அபடைட் ஒன்றுதான். எவ்வளவு குளிர்ந்த நிலத்தோட்டிலும் 110 பாகை என்றால் ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம் இருக்க வழியில்லை. ஆக, மேலே வந்ததற்கு அந்த மென்மையான படிகம்தான் நேரடிச் சாட்சி. 250 கோடிக்கும் அபடைட்டின் தேதிக்கும் நடுவே கிடக்கும் பெரிய இடைவெளிக்கு வேறு சாட்சிகளை அழைத்தாக வேண்டும்.

அந்தச் சாட்சிகள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. பெங்களூருவிலிருந்து ஓசூர், தருமபுரி வரை நைஸையும் சார்னோகைட்டையும் குறுக்காக அறுத்துக்கொண்டு கருங்கல் சுவர்கள் ஓடுகின்றன. டோலரைட் டைக்குகள் என்பார்கள். குவாரிக்காரர்களுக்கு இவை பிளாக் கிரானைட். பாறை பிளந்த விரிசலில் எரிமலைக்குழம்பு புகுந்து உறைந்தவை. ஹென்றி ஹால்ஸும் அனில் குமாரும் உடனாய்வாளர்களும் 2007இல் கிழக்கு மேற்காக ஓடும் டைக்குகளுக்கு யுரேனியம்-காரீய முறையில் சுமார் 237 கோடி ஆண்டு என்று தேதியிட்டார்கள். பாறை வெந்து அடங்கிச் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்குள் அது சட்டென்று பிளக்கும் அளவுக்கு இறுகியிருந்தது என்று இதனால் தெரிகிறது. ஒகேனக்கல்லில் சார்னோகைட்டைத் துளைத்து நிற்கும் கார்பனடைட்டுக்கும் ஏறத்தாழ 240 கோடி ஆண்டு. அதுவும் இதையே சொல்கிறது. ஆனால் டைக்குகளின் உள்ளே இருந்ததுதான் சுவையான செய்தி. வடக்கே அவற்றின் ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் தெளிவாக இருக்கின்றன. தெற்கே வரவர, மிக நுண்ணிய இரும்புக் கனிமத் துகள்கள் பிரிந்து, பழுப்பேறிக் கலங்கியிருக்கின்றன. சூடான ஆழத்தில் நெடுங்காலம் கிடந்தால்தான் இந்தக் கலங்கல் வரும். அதாவது டைக்குகள் புகுந்த காலத்திலும் தெற்குப் பகுதி ஆழத்தில்தான் இருந்தது. பலகை அதற்குப் பிறகுதான் சாய்ந்து எழுந்தது. குளிர்ந்துவிட்டது, ஆனால் மேலே வரவில்லை. குளிர்தலும் எழுதலும் வேறு வேறு என்ற ஆட்சேபத்தை இந்த மண்ணே முன்வந்து ஒப்புக்கொள்கிறது.

இமயமலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த மந்தம் வியப்பாக இருக்கலாம். லடாக்கின் சோ மோரிரி ஏரிப் பக்கத்துப் பாறைகள் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் 90 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிருந்தன. குவார்ட்ஸின் பேரழுத்த வடிவமான கோயசைட் அவற்றின் கார்னெட்டுக்குள் சிக்கிக் கிடப்பது அதற்குச் சாட்சி. அவை சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே மேல்தோட்டுக்குத் திரும்பிவிட்டன. நிலத்தோட்டுக்கு அடியில் சுற்றியிருந்த மேன்டில் என்ற அடுக்கைவிட அடர்த்தி குறைவானதால் மிதப்பு விசையே அவற்றை உந்திவிட்டது. கிருஷ்ணகிரியில் அப்படிப்பட்ட அவசரத்துக்குத் தடயம் இல்லை. விரைந்து எழுந்த கல்லில் மூடு வெப்பநிலைகள் வெவ்வேறான கனிமங்களும் ஏறக்குறைய ஒரே வயதைக் காட்டும். இங்கே தேதிகள் கோடிகோடியாகப் பிரிந்து கிடக்கின்றன.

அப்படியென்றால் 25 கிலோமீட்டர் தடிமனுள்ள பாறை எங்கே போனது? இவ்வளவையும் அரிக்க 25 கிலோமீட்டர் உயரத்துக்கு மலை நின்றிருக்க வேண்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டியதில்லை. நிலத்தோடு அடர்த்தியான மேன்டிலின் மேல் மிதக்கிறது. சரக்கு இறக்க இறக்கத் தோணி நீரில் உயர்வது போல, மேலே அரிபட அரிபட அடியிலிருந்து எழும். ஒரு கிலோமீட்டர் பாறை நீங்கினால் சுமார் 830 மீட்டர் எழுந்துவிடும். நிகரமாகத் தரை தாழ்வது 170 மீட்டர்தான். ஆகவே 25 கிலோமீட்டர் பாறையை அகற்றத் தொடக்கத்தில் நான்கரைக் கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த உயரமே போதும். திபெத்தின் இன்றைய சராசரி உயரம் அதற்கு நெருக்கமானது. இன்று இந்த வட்டாரத்தின் அடியில் நிலத்தோடு 35 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறது. போன 25ஐச் சேர்த்தால் 60க்கு மேல், அதுவும் திபெத்தை ஒத்த தடிமன். இந்தக் கூட்டலை முழுதாக நம்பவும் கூடாது. இடையில் கீழிருந்து பாறைக்குழம்பு வந்து ஒட்டித் தோட்டை அடியில் தடிப்பாக்கியிருக்கலாம். மேலே ஒரு காலத்தில் உயர்ந்த நிலம் இருந்தது என்ற முடிவை மட்டும் அது அசைக்காது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு ஆளை மயக்கும். தென்னிந்தியப் பீடபூமியின் ஆற்றுமணலில் உள்ள பெரிலியம்-10 என்ற ஐசோடோப்பை அளந்து, சமதளப் பகுதிகள் பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் பத்து மீட்டர் வீதம் தேய்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். 25,000 மீட்டரை அந்த வேகத்தில் வகுத்துப் பாருங்கள்: 250 கோடி ஆண்டு. பாறை வெந்த காலமும் அதுவே! ஒரே சீரான வேகத்தில் தேய்ந்து இன்றைக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது என்று முடித்துவிட யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையைத்தான் எதிர்க்க வேண்டும் என்கிறேன். வடக்கே அனந்தபூர் மாவட்டத்தின் வஜ்ரகரூரில் வைரம் சுமந்த கிம்பர்லைட் குழாய்கள் இருக்கின்றன. வயது சுமார் 110 கோடி ஆண்டு. கிம்பர்லைட் குழாய் தரைமட்டத்திலிருந்து வேர் வரை பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். சீரான வேகக் கணக்குப்படி 110 கோடி ஆண்டில் 11 கிலோமீட்டர் அரிபட்டிருக்க வேண்டும், குழாயே மிஞ்சியிருக்காது. மிஞ்சியிருக்கிறது. கடப்பைப் படுகையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. சுமார் 190 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் பாறைகள் ஊடுருவிய அதன் அடிப்படிவுகள், ஏற்கெனவே அரிபட்டு வெளியே வந்துவிட்ட நைஸின் மேல் படிந்திருக்கின்றன. தார்வார் நிலத்திட்டின் கிழக்குப் பகுதி அப்போதே தரைமட்டத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கீழே தாழ்ந்து வண்டலைச் சுமந்தது. அரிப்பு தொடர்ந்து நடந்த வேலையாக இருந்திருக்க முடியாது. தொடக்கத்தில் விரைந்து, பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓய்ந்து கிடந்திருக்கிறது.

இதற்கு அபடைட்டே எதிர்வாதம் வைக்கிறது. கர்நாடகப் பீடபூமியின் அபடைட் தழும்புகள் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதைக் காட்டுகின்றன. அப்போது இந்தத் தரை 110 பாகையில் இருந்தது என்றால், மேலே நான்கு கிலோமீட்டர் அளவுக்கு ஏதோ இருந்து நீங்கியிருக்கிறது. வஜ்ரகரூர் குழாய்கள் அவ்வளவு அரிப்பைத் தாங்கியிருக்குமா? முரண்பாடு தோற்றத்தில்தான். நீங்கிய நான்கு கிலோமீட்டரும் நைஸாகவே இருந்தாக வேண்டும் என்று எந்தப் படிகமும் சொல்லவில்லை. கடப்பை வகைப் படிவுகளோ அவற்றுக்குப் பிந்தையவையோ போர்வையாக மேலே படிந்து, பின்னர் வாரிக்கொண்டு போகப்பட்டிருக்கலாம். அப்போது அபடைட் சூடாகிக் குளிரும்; அடியில் உள்ள குழாய் பாதுகாப்பாக இருக்கும். மேற்கே கடற்கரையை நோக்கி அரிப்பு கடுமை என்பதும் தெரிந்ததே. ஓரிடத்து வேகத்தை முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் பொருத்துவதும் முறையில்லை. எப்படிப் பார்த்தாலும் சீரான வேகம் என்ற எளிய படம் தப்பவில்லை. தெற்கே பாலக்காடு-காவிரி வெட்டுமண்டலத்தைத் தாண்டினால் அது அடியோடு கலைந்துபோகிறது. கொடைக்கானல் சார்னோகைட்டும் சேர்வராயன் சார்னோகைட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் கொடைக்கானல் பாறை ஆழத்தில் வெந்தது வெறும் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது. அதே அளவு ஆழத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கு காலத்தில் அது மேலே வந்துவிட்டது.

சாய்ந்த ஒற்றைப் பலகை என்ற விளக்கத்துக்கும் ஒரு திருத்தம் இருக்கிறது. பூக்காவும் உடனாய்வாளர்களும் 2013இல், தார்வாரின் அடித்தோடு ஒரே சீரான துண்டு இல்லை, வெவ்வேறு வரலாறு கொண்ட துண்டுகள் ஒட்டிய ஒட்டுவேலை என்று வாதிட்டார்கள். கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் மேற்கு மலைகளுக்கும் தனித்தனிக் கதைகள் இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. இரண்டு விளக்கங்களும் ஒரே அழுத்த அளவீடுகளுக்குப் பொருந்துகின்றன. பிரித்தறிய உதவுவது தேதிகளே. பலகை ஒன்றாகவே சாய்ந்து எழுந்திருந்தால், 300 பாகையைக் குறிக்கும் பயோட்டைட்டின் வயது வடக்கிலிருந்து தெற்கே தடையில்லாமல் படிப்படியாக இளமையாகிக்கொண்டே போக வேண்டும். சாய்வுக்கு நெடுங்காலம் பிந்தைய அபடைட்டின் வயதோ சாலை நெடுகிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். துண்டுகள் தனித்தனியே எழுந்திருந்தால் ஏதாவது ஒரு பிளவின் இருபுறமும் வயது சட்டென்று தாவும். மழைபட்டு மக்கிய மேல்பாறையில் பயோட்டைட் சிதைந்து பொட்டாசியத்தை இழந்துவிடும், அதன் வயது நம்பத்தக்கதாக இராது. புதிதாக உடைத்த, மக்காத பாறை வேண்டும். சூளகிரியிலிருந்து தருமபுரி வரை ஒவ்வொரு சில கிலோமீட்டருக்கும் ஒரு குவாரி அப்படிப்பட்ட பாறையைத் தினமும் வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறது. கிரஷருக்குப் போகும் முன் இடம் குறித்து ஒரு கைப்பிடித் துண்டை எடுத்துவைத்தாலே இரண்டு விளக்கங்களில் எது நிற்கும் என்று சோதிக்கத் தொடங்கலாம்.